27 ஆயிரமா, 60 ஆயிரமா? ஃப்ரண்ட் லோடு வாஷிங் மெஷினில் கூடுதல் காசு எங்கே போகிறது

டாப் லோடா ஃப்ரண்ட் லோடா என்ற கேள்வியைத் தாண்டி வந்தவர்களுக்கானது இது. தண்ணீர் மிச்சம், துணி சீக்கிரம் நைந்துபோகாது, வெந்நீரில் துவைக்கலாம் என்று ஏதோ ஒரு காரணத்தால் ஃப்ரண்ட் லோடு என்று வீட்டில் முடிவாகிவிட்டது. கடைக்குப் போனால் அடுத்த சிக்கல். பக்கத்துப் பக்கத்தில் இரண்டு பெட்டிகள். இரண்டிலும் வட்டக் கதவு, ஸ்டீல் டிரம், ‘இன்வெர்ட்டர் மோட்டார், 10 வருட வாரன்ட்டி’ என்ற ஸ்டிக்கர். ஒன்று 27,000 ரூபாய், மற்றது 60,000. என்ன வித்தியாசம் என்று கேட்டால் வைஃபை, ஸ்டீம், ஏஐ என்று கடைப்பையன் ஒப்பிக்கிறார். வீட்டுக்கு வந்து யோசித்தால் கேட்டதில் பாதி மறந்துபோயிருக்கும், குழப்பம் மட்டும் அப்படியே இருக்கும்.

கூடுதலாகக் கொடுக்கிற 33,000 ரூபாய் இரண்டு இடங்களுக்குப் போகிறது. ஒரு பங்கு மெஷினின் உடம்புக்கு: டப் (டிரம்மைச் சுற்றிய தொட்டி), பேரிங், ஷாக் அப்சார்பர், எடைக்கல், மோட்டார். இன்னொரு பங்கு முகத்துக்கு: தொடுதிரை, ஆப், நிறம், கதவைச் சுற்றிய குரோம் வளையம். உடம்புக்குப் போகிற காசு பல வருடம் வேலை செய்யும். முகத்துக்குப் போகிற காசு முதல் மாதத்தோடு பழகிவிடும். எந்த மெஷினில் எந்தப் பங்கு எவ்வளவு என்று பார்க்கத் தெரிந்தால் முடிவு பாதி வந்துவிட்டது. மீதிப் பாதி உங்கள் வீட்டுத் தண்ணீரிடம் இருக்கிறது.

## எதை வைத்து எடை போடுவது

விளம்பரத்தில் வருகிற அளவுகோல்களை ஓரமாக வைத்துவிடலாம். நான் பார்ப்பவை இவைதான்: வீட்டுக்கு வருகிற தண்ணீர் எப்படிப்பட்டது, பழுது வந்தால் யார் வருவார், என்ன மாற்றுவார், துணி உண்மையில் எவ்வளவு வெளுக்கிறது, சத்தமும் அதிர்வும் வீட்டுக்கு ஒத்துவருமா, எட்டு வருடத்தில் மொத்தம் எவ்வளவு செலவாகும், சொந்த வீடா, வாடகை வீடா.

ஒப்பீட்டுக்கு இரண்டு மாதிரிகளை வைத்துக்கொள்வோம். ‘சின்ன விலை’ என்றால் 6 அல்லது 7 கிலோ, 1000–1200 ஆர்பிஎம் (பிழியும்போது டிரம் நிமிடத்துக்குச் சுற்றுகிற எண்ணிக்கை), 25,000 முதல் 30,000 வரை. ‘பெரிய விலை’ என்றால் 8 அல்லது 9 கிலோ, 1400 ஆர்பிஎம், 55,000 முதல் 65,000 வரை. ஆடித் தள்ளுபடி, தீபாவளிச் சலுகை நேரத்தில் இரண்டுமே சில ஆயிரம் இறங்கும். 18 சதவீத ஜிஎஸ்டி இந்த விலைக்குள் அடக்கம்.

## முதலில் தண்ணீரைப் பாருங்கள்

கோயம்புத்தூரில் பல வீடுகளில் இரண்டு குழாய் இருக்கும். ஒன்றில் சிறுவாணி, மற்றதில் ‘உப்புத் தண்ணி’ என்று அவர்கள் சொல்லும் போர்த் தண்ணீர். சிறுவாணியில் சோப்புப் போட்டால் கழுவக் கழுவ வழுக்கும். உப்புத் தண்ணீரில் நுரையே எழும்பாது. இந்த இரண்டில் எதை மெஷினுக்குக் கொடுக்கிறீர்கள் என்பது, எந்தக் கம்பெனி மெஷின் வாங்குகிறீர்கள் என்பதைவிடப் பெரிய விஷயம். சென்னையில் மெட்ரோ வாட்டர், போர், லாரித் தண்ணீர் மூன்றும் ஒரே தொட்டியில் கலந்து வருகிற அபார்ட்மென்டுகள் ஏராளம். இந்த வாரத் தண்ணீர் அடுத்த வாரம் இருக்காது.

இப்படிச் சுண்ணாம்பு மிகுந்து நுரை எழும்பாத கடினத் தண்ணீர் செய்கிற வேலை மூன்று. சூடாகும்போது அதிலுள்ள சுண்ணாம்பு ஹீட்டர் கம்பியின் மேல் வெள்ளை ஓடாகப் படியும். ஓடு தடிக்கத் தடிக்கச் சூடு தண்ணீருக்குப் போகாமல் கம்பிக்குள்ளேயே நிற்கும், ஒருநாள் ஹீட்டர் போய்விடும். இரண்டாவது, சோப்பின் சக்தியைக் கடினத்தன்மை தின்றுவிடுவதால் அளவு கூட்டிப் போட வேண்டியிருக்கும். மூன்றாவதுதான் பலருக்குத் தெரியாதது. டிரம்முக்குப் பின்னால் அதைத் தாங்குகிற மூன்று கை கொண்ட அலுமினிய வார்ப்பு ஒன்று இருக்கிறது. ஸ்பைடர் என்பார்கள். உப்பும் சோப்புக் கசடும் சேர்ந்து அதை வருடக்கணக்கில் அரிக்கும். அதில் விரிசல் விட்டால் டிரம் ஆடத் தொடங்கும், கிட்டத்தட்ட மெஷினின் ஆயுள் முடிந்த கணக்குத்தான்.

27,000 ரூபாய் மெஷினிலும் ஹீட்டரில் சுண்ணாம்பு படியும், 60,000 ரூபாய் மெஷினிலும் படியும். இரண்டிலுமே ஸ்பைடர் பெரும்பாலும் அலுமினியம்தான். ஆகவே தண்ணீர் மோசமான வீட்டில் பெரிய விலை கொடுத்து ஆயுளை வாங்க முடியாது. குடிநீருக்கான இந்தியத் தர நிர்ணயம் மொத்தக் கடினத்தன்மைக்கு லிட்டருக்கு 200 மில்லிகிராம் என்று வரம்பு வைக்கிறது. வேறு தண்ணீரே கிடைக்காவிட்டால் 600 வரை பொறுத்துக்கொள்ளலாம் என்கிறது. உங்கள் வீட்டுத் தண்ணீர் அந்த 600 பக்கம் நின்றால், விலை வித்தியாசத்தில் ஒரு பங்கை, கடினத்தன்மையைக் குறைக்கிற வாட்டர் சாஃப்ட்னருக்குக் கொடுப்பது நல்லது. மெஷின் குழாயில் மாட்டுகிற சின்ன ஃபில்டர்கள் மண்ணைப் பிடிக்கும். கடினத்தன்மையை அவை பெரிதாகக் குறைக்காது. சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிற டிடிஎஸ் மீட்டர் (தண்ணீரில் கரைந்த உப்புகளின் மொத்த அளவைக் காட்டுவது) கடினத்தன்மையைத் தனியாகச் சொல்லாது என்றாலும் ஒரு மதிப்புக்கு உதவும். அதுவும் வேண்டாம் என்றால் குளியலறை ஷவரைப் பாருங்கள். துளைகள் வெள்ளையாக அடைத்துக்கொண்டிருந்தால் பதில் அதிலேயே இருக்கிறது.

## சின்ன விலை மெஷின்

நல்லதை முதலில் சொல்லிவிடலாம். துவைப்பதில் இது குறை வைக்காது. அழுக்குப் போவது வெந்நீர், சோப்பிலுள்ள என்சைம், நேரம், டிரம் துணியைத் தூக்கித் தூக்கிப் போடுகிற அடி ஆகிய நான்கால். இந்த நான்கும் சின்ன விலையிலும் உண்டு. 40 டிகிரி காட்டன் புரோகிராமில் பள்ளிச் சீருடையும் வேட்டியும் போட்டு எடுத்தால், எது எந்த மெஷினில் துவைத்தது என்று கண்டுபிடிப்பது சிரமம். சட்டையில் சாம்பார்க் கறையின் மஞ்சள் தங்கினால் மெஷினைக் குறை சொல்ல வேண்டாம். மஞ்சள் சோப்புப் பட்டால் சிவக்கும், வெயில் பட்டால் வெளுக்கும். 60,000 ரூபாய் மெஷினும் அதை வெயிலுக்குத்தான் விட்டுவைக்கும்.

குறை எங்கே தெரியும் என்றால் ஸ்பின்னில், அதாவது துணியைப் பிழிகிற வேகச் சுழற்சியில். ஃப்ரண்ட் லோடு மெஷினுக்குள் ஆட்டத்தை அடக்குவதற்காகக் காங்கிரீட் எடைக்கல் வைத்திருப்பார்கள். சின்ன விலை மெஷின் மொத்தமாக 55 முதல் 65 கிலோ இருக்கும். பெரியது 70 கிலோவைத் தாண்டும். இலேசான உடம்பும் எளிய ஷாக் அப்சார்பரும் சேரும்போது, ஒரு பக்கம் பெட்ஷீட் சுருண்டுகொண்டால் மெஷின் தடதடக்கும். இரவு பத்து மணிக்கு மேல் ஓட்டினால் கீழ்வீட்டுக்காரர் மாடி ஏறி வருவார். தனி வீடு, மொட்டைமாடி அறை, பின்கட்டு என்றால் இது ஒரு பொருட்டே இல்லை.

மோட்டாரிலும் வித்தியாசம் இருக்கலாம். மலிவான சில மாடல்களில் கார்பன் பிரஷ் உள்ள பழைய வகை மோட்டார் இன்னும் வருகிறது. பிரஷ் சில வருடத்தில் தேயும். மாற்ற ஆகிற செலவு சில நூறு ரூபாய்தான், அக்கம்பக்கத்து மெக்கானிக்கே செய்துவிடுவார். சத்தம் கூடுதல் என்பதைத் தவிர நான் இதைப் பெரிய குறையாக எண்ணவில்லை. இன்வெர்ட்டர் மோட்டாரில் பிரஷ் கிடையாது, அமைதியாக ஓடும். ஆனால் அதை இயக்குகிற எலெக்ட்ரானிக் போர்டு போனால் செலவு ஆயிரங்களில்தான்.

கொள்ளளவையும் கவனிக்க வேண்டும். 7 கிலோ என்பது காட்டன் புரோகிராமுக்கு மட்டும். சிந்தெடிக் புரோகிராமில் அதில் பாதி, 15 நிமிட க்விக் வாஷில் இரண்டு கிலோ அளவுக்குத்தான் இடம். மூன்று பேர் உள்ள வீட்டுக்குப் போதும். ஆறு பேர், மாதம் இரண்டு முறை கனமான போர்வை என்றால் திணறும்.

## பெரிய விலை மெஷின்

இங்கே முதலில் பிரிக்க வேண்டியது, உடம்பு பெரிதா முகம் பெரிதா என்பதை. ஒரே கம்பெனியின் விலைப்பட்டியலை எடுத்து 42,000 ரூபாய் மாடலையும் 55,000 ரூபாய் மாடலையும் அருகருகே வையுங்கள். எடை, ஆழம், ஆர்பிஎம், மோட்டார் நான்கும் ஒன்றாக இருந்தால், அந்த 13,000 ரூபாயும் முகத்துக்குப் போகிறது. எடை ஏழெட்டுக் கிலோ கூடியிருந்தால், ஆழம் 55 சென்டிமீட்டரிலிருந்து 60க்கு மேல் போயிருந்தால், உடம்புக்கு ஏதோ போயிருக்கிறது. விற்பனையாளர் இந்த வரிகளைப் படித்துக் காட்ட மாட்டார். கம்பெனித் தளத்தில் மாடல் எண்ணைப் போட்டால் அட்டவணையின் கடைசியில் இருக்கும்.

உடம்புக்கே காசு வாங்குகிற மெஷின்களுக்கு ஓர் எல்லை உதாரணம் ஜெர்மனியின் மீலே. அவர்கள் பல மாடல்களில் வெளி டப்பையே ஸ்டெயின்லெஸ் ஸ்டீலில் செய்கிறார்கள், எடைக்கல்லுக்குப் பதில் வார்ப்பிரும்பு வைக்கிறார்கள், 20 வருடப் பயன்பாட்டுக்கு ஈடாகச் சோதிப்பதாகச் சொல்கிறார்கள். விலை 60,000க்கு வெகு மேலே. வாங்கும் எண்ணம் இருந்தால் உங்கள் ஊருக்கு அவர்களின் சர்வீஸ் ஆள் வருவாரா என்பதைத்தான் முதலில் கேட்க வேண்டும்.

நம் 60,000 ரூபாய் மெஷினுக்கு வருவோம். உண்மையில் கிடைப்பது என்ன?

சத்தம் குறையும். இதை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். இரண்டு படுக்கையறை ஃபிளாட்டில், பால்கனிக் கதவுக்கு அந்தப் பக்கம் குழந்தை தூங்கும்போது, இந்த ஒரு காரணமே சிலருக்குப் போதும்.

ஈரம் குறையும், ஆனால் நினைக்கிற அளவுக்கு இல்லை. ஐந்து கிலோ காட்டன் துணி 1000 ஆர்பிஎம்மில் ஏறக்குறைய மூன்று லிட்டர் தண்ணீரோடு வெளியே வரும். 1400இல் இரண்டரை லிட்டர். சித்திரை வெயிலில் இந்த அரை லிட்டருக்கு மதிப்பே கிடையாது. ஐப்பசி, கார்த்திகை அடைமழையில், பால்கனிக் கொடியும் ஹாலில் ஒரு ஸ்டாண்டும்தான் கதி என்றால், அரைநாள் முன்னதாகக் காயும். கூடவே சட்டை அதிகம் கசங்கும் என்பதையும் இஸ்திரி போடுகிறவர் கணக்கில் வைக்க வேண்டும்.

லிக்விட் சோப்பைத் தானே அளந்து ஊற்றுகிற வசதி, ஸ்டீம், இடையில் துணி சேர்க்கிற சின்னக் கதவு ஆகியவற்றில் முதலாவது நல்ல வசதி. சோப்பை அள்ளிக் கொட்டுகிற வீடுகளுக்கு இன்னும் நல்லது, ஏனென்றால் கதவு ரப்பரில் கறுப்புப் புள்ளி பூப்பதற்கும் டிரம் நாறுவதற்கும் முக்கியக் காரணம் மிச்சம் தங்குகிற சோப்புத்தான். ஸ்டீமை நான் பெரிதாக மதிக்கவில்லை. 60 டிகிரி புரோகிராம் அந்த வேலையைச் செய்துவிடும். இடையில் துணி சேர்ப்பது, கட்டிலுக்கடியில் ஒற்றை சாக்ஸ் கண்டெடுக்கிற குடும்பங்களுக்கு வரம். வைஃபை பற்றி ஒரே வரி: துணியைப் போடவும் எடுத்துக் காயவைக்கவும் ஆள் வேண்டும் என்கிறபோது, அலுவலகத்திலிருந்து மெஷினை ஓட்டுவதில் எனக்குப் பயன் தெரியவில்லை.

டிரையரும் சேர்ந்த வகையைப் பலர் கேட்கிறார்கள். 8 கிலோ துவைத்தால் 5 கிலோ அளவுக்குத்தான் காயவைக்கும், மீதியை வெளியே எடுத்தாக வேண்டும். துவைத்து உலர்த்த ஐந்தாறு மணி நேரம், ஒவ்வொரு முறையும் சில யூனிட் மின்சாரம். வருடத்தில் பத்து மாதம் வெயில் அடிக்கிற ஊரில், மொட்டைமாடிக்குச் சாவி இருப்பவருக்கு இது தேவையில்லை. வெளியே துணி காயப்போடக் கூடாது என்று சங்கம் விதி போட்ட அடுக்ககங்களில் கதை வேறு.

## ஒரே பார்வையில்

| | சின்ன விலை (25–30 ஆயிரம்) | பெரிய விலை (55–65 ஆயிரம்) |
|---|---|---|
| துவைக்கும் தரம் | நன்று | நன்று. வித்தியாசம் சிறிது |
| மெஷினின் எடை | 55–65 கிலோ | 70 கிலோவுக்கு மேல் |
| ஸ்பின் சத்தம், அதிர்வு | தெரியும்படி இருக்கும் | குறைவு |
| மழைக்காலத்தில் காய்வது | மெதுவாக | சற்று முன்னதாக |
| ஒரு கிலோ துணிக்குத் தண்ணீர் | ஏறக்குறைய சமம் | ஏறக்குறைய சமம் |
| போர்டு மாற்றும் செலவு | ஏறக்குறைய 5–8 ஆயிரம் | 10 ஆயிரத்துக்கு மேல் போகலாம் |
| உள்ளூர் மெக்கானிக் | கை வைப்பார் | பெரும்பாலும் கம்பெனி ஆள்தான் |
| போர்த் தண்ணீரில் ஆயுள் | குறையும் | இதிலும் குறையும் |
| வீடு மாற்றுவது | இரண்டு பேர் போதும் | மூன்று பேராவது வேண்டும் |

## ஸ்டிக்கரில் இல்லாத செலவுகள்

இவற்றில் மிகப் பெரியது டப். டிரம்மைச் சுற்றியிருக்கிற பிளாஸ்டிக் தொட்டி இரண்டு பாதிகளாக வரும். சில மாடல்களில் இரண்டையும் திருகாணியால் இணைத்திருப்பார்கள். சிலவற்றில் உருக்கி ஒட்டியிருப்பார்கள். ஐந்தாறு வருடம் கழித்து ஸ்பின்னின்போது ஹெலிகாப்டர் இறங்குவது போலச் சத்தம் வந்தால் பேரிங் போய்விட்டது என்று அர்த்தம். திருகாணி டப் என்றால் பிரித்து, பேரிங்கும் ஆயில் சீலும் மாற்றி, மூன்று நாலாயிரத்தில் முடிக்கலாம். ஒட்டிய டப் என்றால் பிரிக்க வழியில்லை. சில நூறு ரூபாய் பேரிங்குக்காக டப்பும் டிரம்மும் சேர்த்து மொத்தமாக மாற்றச் சொல்வார்கள். செலவு புது மெஷினின் மூன்றில் ஒரு பங்கு, சில சமயம் பாதி. விலை கூடினால் டப் திருகாணியாக இருக்கும் என்ற உறுதியும் கிடையாது. கடையில் இதைக் கேட்டால் விழிப்பார்கள். உங்கள் தெருவில் மெஷின் பழுது பார்க்கிறவரிடம் மாடலைச் சொல்லிக் கேளுங்கள். டீ குடித்துக்கொண்டே சொல்லிவிடுவார்.

அடுத்தது வாரன்ட்டி ஸ்டிக்கர். ‘10 வருடம்’ என்பது மோட்டார் என்ற ஒரு பாகத்துக்கு. மோட்டார் அபூர்வமாகத்தான் போகும். போகக்கூடியவை போர்டு, வடிகால் பம்ப், தண்ணீர் வால்வு, கதவு லாக், ரப்பர். இவற்றுக்கான முழு வாரன்ட்டி பெரும்பாலும் இரண்டு வருடம், சில கம்பெனிகளில் மூன்று அல்லது நான்கு. என் கண்ணில் 27,000 ரூபாய்க்கு நான்கு வருட முழு வாரன்ட்டி தருகிற மெஷின், 60,000 ரூபாய்க்கு இரண்டு வருடம் தருவதைவிட மேல். கடைக்காரர் தனியாக விற்கிற கூடுதல் வாரன்ட்டி கம்பெனியுடையதா, வேறொரு நிறுவனத்துடையதா என்று பார்த்து வாங்குங்கள்.

கரண்ட். வோல்டேஜ் ஏறி இறங்குகிற இடங்களில் முதல் பலி போர்டுதான். பெரிய விலை மெஷினில் திரைக்கு ஒரு போர்டு, மோட்டாருக்கு ஒன்று என்று எண்ணிக்கையும் கூடுதல், விலையும் கூடுதல். ஹீட்டர் இரண்டு கிலோவாட் பக்கம் இழுக்கும் என்பதால் எர்த் சரியாக உள்ள 16 ஆம்பியர் பாயின்ட் வேண்டும், மிக்ஸி போடுகிற பாயின்ட் ஆகாது. எலி இன்னொரு எமன். அடிப்பக்கம் திறந்திருந்தால் உள்ளே நுழைந்து ஒயரைக் கடிக்கும்; எலிக்கடியை வாரன்ட்டி ஏற்காது. அடியில் ஒரு தகடோ வலையோ போட்டுவிடுங்கள்.

தண்ணீர் அழுத்தம். மாடித் தொட்டிக்கு நேர் கீழே கடைசித் தளத்தில் இருப்பவர்கள் அவசியம் கவனிக்க வேண்டும். பத்து மீட்டர் உயரத்துத் தண்ணீர் தருவது ஒரு பார் அழுத்தம். தொட்டி தலைக்கு மேல் மூன்று மீட்டரில் இருந்தால் கிடைப்பது 0.3 பார். சில மாடல்கள் அதிலும் ஓடும், சிலவற்றுக்குப் போதாது. தண்ணீர் வரவில்லை என்று சிவப்பு எழுத்துக் காட்டி நின்றுவிடும். குறைந்தபட்ச அழுத்தம் எவ்வளவு என்று கையேட்டில் இருக்கும். பார்க்காமல் வாங்கினால் பிரஷர் பம்ப் செலவு தலையில் விழும்.

மின்கட்டணத்தை வைத்துப் பெரிய விலையை நியாயப்படுத்துகிறவர்களுக்காக ஒரு சின்னக் கணக்கு. நம் குழாய்த் தண்ணீரே 28 டிகிரியில் வருகிறது. 15 லிட்டரை அங்கிருந்து 40க்கு ஏற்ற 0.2 யூனிட்டுக்குச் சற்று மேல், 60க்கு ஏற்ற 0.55 யூனிட்டுக்குச் சற்று மேல் போதும். இரண்டு மெஷினுக்கும் ஒரு சலவைக்கு 0.2 யூனிட் வித்தியாசம் என்று தாராளமாகவே வைப்போம். வாரம் ஐந்து சலவை, வருடம் 260 சலவை, 52 யூனிட். யூனிட்டுக்கு 8 ரூபாய் போட்டாலும் வருடம் 416 ரூபாய். 33,000 ரூபாயை இப்படி மீட்க 79 வருடம் ஆகும்.

மொத்தக் கணக்கையும் போட்டுவிடலாம். சின்ன விலை மெஷின் 27,000, எட்டு வருடத்தில் பழுது, பராமரிப்புக்கு 15,000 என்றால் 42,000. அதே எட்டு வருடத்தில் 2,080 சலவை, ஒன்றுக்கு 20 ரூபாய். பெரியது 60,000, பாகங்கள் விலை கூடுதல் என்பதால் 20,000 சேர்த்தால் 80,000. சலவைக்கு 38 ரூபாய். சின்னதுக்குச் சமமாக வர வேண்டுமானால் பெரியது 15 வருடம், அதுவும் மேற்கொண்டு செலவு வைக்காமல் ஓட வேண்டும். பழுதுச் செலவு என் அனுமானம்தான், உங்கள் ஊருக்கேற்ப மாற்றிப் போட்டுப் பாருங்கள். எப்படிப் போட்டாலும் ‘விலை கூடியதுதான் கடைசியில் லாபம்’ என்ற வாதம் இங்கே எடுபடுவது கஷ்டம்.

## நடுவில் ஒரு விலை இருக்கிறது

35,000 முதல் 42,000 வரை, 8 கிலோ, 1200 அல்லது 1400 ஆர்பிஎம், பிரஷ் இல்லாத மோட்டார். ஒரே கம்பெனியின் பெரிய மாடலின் உடம்பு பல சமயம் இந்த விலையிலேயே வந்துவிடுகிறது. திரையும் ஆப்பும் மட்டும் இருக்காது. யாராவது என்னிடம் ‘ஒன்றைச் சொல்’ என்றால் இந்த இடத்தைத்தான் கை காட்டுவேன். 27,000க்கும் இதற்கும் உள்ள பத்துப் பன்னிரண்டாயிரம் வித்தியாசத்தில் கொள்ளளவும் அமைதியும் கிடைக்கின்றன. இதற்கு மேல் கொடுக்கிற இருபதாயிரத்தில் கிடைப்பவை வசதிகள்.

## யாருக்கு எது

வாடகை வீடு, இரண்டு மூன்று வருடத்துக்கொரு முறை மாற்றம், மூன்று பேர் குடும்பம்: சின்ன விலை. ஒவ்வொரு மாற்றத்திலும் மெஷின் படியில் இடிபடும், புது வீட்டுத் தண்ணீர் எப்படி என்று தெரியாது. 70 கிலோ பெட்டியை லிஃப்ட் இல்லாத மூன்றாம் மாடிக்கு ஏற்ற கூலியும் தனி.

போர்த் தண்ணீர் மட்டுமே உள்ள வீடு: சின்ன விலையும் சாஃப்ட்னரும். சாஃப்ட்னர் போட முடியாவிட்டால், அழுக்கு அதிகமில்லாத துணியைப் பச்சைத் தண்ணீரிலேயே துவைத்து ஹீட்டரை ஓரளவு காப்பாற்றலாம்.

மாநகராட்சியின் நல்ல தண்ணீர், சொந்த ஃபிளாட், மெஷின் படுக்கையறைக்கு அருகில், பகலில் வீட்டில் ஆளில்லாமல் இரவில்தான் துவைக்க முடியும்: பெரிய விலை தகும். தாமிரபரணி, சிறுவாணி போன்ற மென்மையான தண்ணீர் கிடைக்கிறவர்களுக்கு, நல்ல உடம்புக்குக் கொடுத்த காசு வீண்போகாது.

கைக்குழந்தை, அல்லது தோல் ஒவ்வாமை உள்ளவர்: விலையைப் பார்க்க வேண்டாம், ‘எக்ஸ்ட்ரா ரின்ஸ்’ பொத்தானையும் 60 டிகிரியையும் பாருங்கள். சின்ன விலையிலேயே பல மாடல்களில் இருக்கின்றன.

ஆறேழு பேர் கூட்டுக் குடும்பம், தினம் இரண்டு முறை சலவை: நடு விலை, 9 கிலோ. வேகமாகத் தேயப்போகிற மெஷினுக்கு அலங்காரம் வேண்டாம்.

சின்ன ஊர், கம்பெனி சர்வீஸ் சென்டர் மாவட்டத் தலைநகரில்தான்: எந்தக் கம்பெனிக்கு உங்கள் ஊரில் ஆள் இருக்கிறாரோ அந்தக் கம்பெனி. விலை அப்புறம்.

பட்டுப்புடவையைத் துவைக்கப் பெரிய விலை மெஷின் வேண்டுமா என்று கேட்பவர்களுக்கு: வேண்டாம். பட்டை எந்த மெஷினிலும் போட வேண்டாம். சாயம் போகிற சுங்குடியைத் தனியாகத் துவைக்கிற வேலையையும் எந்த மெஷினும் ஒழித்துவிடாது.

## வாங்கிய பிறகு

எந்த விலையில் வாங்கினாலும் சில வேலைகள் ஒன்றுதான். ஃப்ரண்ட் லோடுக்கான நுரை குறைந்த சோப்பைப் போடுங்கள். சாதாரணத் தூள் நுரைத்துப் பொங்கி ஸ்பின்னை நிறுத்திவிடும். துவைத்து முடிந்ததும் கதவைத் திறந்தே வையுங்கள், ரப்பர் மடிப்பை விரித்துத் துடையுங்கள். மாதம் ஒருமுறை முன்பக்கம் கீழே உள்ள சின்ன மூடியைத் திறந்து வடிகால் ஃபில்டரைச் சுழற்றி எடுங்கள். தரையில் ஒரு பழைய துண்டு போட்டுக்கொள்ளுங்கள், கால் பக்கெட் தண்ணீர் வரும். அதோடு ஒரு ரூபாய் நாணயம், சேலை ஊக்கு, ஹேர்பின், சாம்பல் நிறத்தில் பஞ்சு உருண்டை எல்லாம் வரும். அந்த ஊக்கு பம்புக்குள் போயிருந்தால் இரண்டாயிரம் ரூபாய். மூன்று மாதத்துக்கு ஒருமுறை கம்பெனி சொல்கிற, சுண்ணாம்பைக் கரைக்கிற டீஸ்கேலிங் பவுடரைப் போட்டுக் காலியாக ஓட்டுங்கள்.

மெஷினை மாட்டுகிற அன்று பின்பக்கத்தில் மூன்றோ நான்கோ நீளமான போல்ட் இருக்கும். லாரியில் வரும்போது டிரம் ஆடாமல் பிடித்துக்கொள்ள வைத்தவை. கம்பெனி ஆள் வந்து கழற்றும் வரை, ‘ஒருமுறை ஓட்டிப் பார்ப்போமே’ என்று யாரும் பொத்தானை அழுத்தக் கூடாது. போல்ட்டோடு ஸ்பின் ஓடினால் மெஷின் குதித்து நகரும், உள்ளே உடையும். கழற்றிய போல்ட் எல்லாவற்றையும் ஒரு கவரில் போட்டு பில்லோடு வைத்துவிடுங்கள். வீடு மாறும்போது மறுபடி மாட்டித்தான் வண்டியில் ஏற்ற வேண்டும்.